இந்த வருஷமும் பூத்துச்சு

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கியா, மாப்பிள்ளை நல்லா இருக்காரா. அப்பாவுக்குக் கால் வீக்கம் வத்திடுச்சு, அதப் பத்திக் கவலப்படாத. நேத்து ராத்திரி நம்ம பிரம்ம கமலம் பூத்துச்சு, ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழு பூ. ரெண்டு தடவ வீடியோ கால் போட்டேன், நீ எடுக்கல. உனக்கு அப்ப மத்தியானம், மீட்டிங்ல இருந்திருப்ப, வேலை முக்கியம்தான். ஆனா முன்னெல்லாம் ஆடி பொறந்ததுலேருந்து நீதான கேட்டுட்டே இருப்ப, மொட்டு வச்சிடுச்சா, கழுத்து தூக்கிடுச்சான்னு.

கழுத்து முந்தாநேத்தே தூக்கிடுச்சு. தொங்கிட்டே இருந்த மொட்டு தூண்டில் முள்ளு மாதிரி வளஞ்சு மேல நிமிந்துச்சு, அப்பவே தெரியும் அடுத்த ராத்திரிதான்னு. சாயங்காலம் வெளிப்பக்கம் இருக்கற செவந்த குச்சி இதழெல்லாம் லூஸ் விட ஆரம்பிச்சிடுச்சு, ஒம்பது மணிக்கு நுனியில ஒரு விரல் போற அளவு வாய் தெறந்து வாசம் வந்துச்சு பாரு, தெருமுனை வரைக்கும். காத்தே இல்ல, ஆனா இதழ் மட்டும் லேசா நடுங்கும்ல, அது நடுங்க நடுங்க விரியறத நான் ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தேன். பதினோரு மணிக்கு முழுசா. அப்பா ஸ்கேல் எடுத்துட்டு வந்து அளந்தார், காம்போட சேத்து 27 சென்டிமீட்டர். உள்ள நார் நாரா மஞ்ச நுனி, அதுக்கு நடுவுல அந்த வெள்ள நட்சத்திரம். எதிர்வீட்டு அக்கா கன்னத்துல போட்டுக்கிட்டு ஆதிசேஷன் மேல பெருமாள் படுத்திருக்கார் பாருங்கன்னாங்க. அப்பா விடுவாரா, இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளிச் செடி, நிஷாகந்தி, நெஜ பிரம்ம கமலம் இமயமலையில 4,000 மீட்டர் உயரத்துல பாறை இடுக்குல பூக்கறது, உத்தரகாண்ட் மாநிலப் பூவே அதுதான்னு ஆரம்பிச்சிட்டார். கள்ளியா இருந்தா பெருமாள் வரமாட்டாரான்னு அந்த அக்கா கேட்டுட்டுப் போயிட்டாங்க.

நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா? ராத்திரி லேப்டாப்ப மூடி வச்சிட்டுத் தூங்கு. போன மாசம் போட்டோவுல கண்ணுக்குக் கீழ கருப்பா இருந்துச்சு, லைட்டு அப்படின்னு சொன்ன, எனக்குத் தெரியாதா உன் மூஞ்சி.

உன் ஆபீஸ் சீனாக்காரப் பொண்ணு சொன்ன கதைய நீதான எனக்குச் சொன்ன. ஒரு பூத் தேவதை, அவளுக்குப் பிரியமானவன்கிட்டேருந்து பிரிச்சு, ஒரே ஒரு கணம் மட்டும் விரியற பூவா சபிச்சிட்டாங்களாம், அவனும் எல்லாத்தையும் மறந்துட்டானாம். அவன் அந்த வழியா வர்ற ராத்திரி நேரம் பாத்து அவ விரிவாளாம், அவனுக்கு அவளத் தெரியவே தெரியாதாம். நேத்து போன் ரிங் போயிட்டே இருந்தப்ப அது ஞாபகம் வந்துச்சு. குத்திக்காட்டச் சொல்லல. சரி, குத்திக்காட்டத்தான் சொல்றேன், அம்மாவுக்கு வலிக்காதா.

ஒரு குறையும் சொல்ல முடியாத பொண்ணு நீ. உன் சித்திகிட்ட நேத்துகூடச் சொன்னேன், தனியாப் போய் நின்னு அந்த ஊர்ல ஒரு வீட்ட நிமித்தியிருக்கான்னு. சித்தி அதையேதான் கேட்டா, வேற என்ன விசேஷம்னு. நான் பேச்ச மாத்திட்டேன். இனிமே யார் கேட்டாலும் மாத்திடுவேன், நீ பயப்படாத.

பாப்பா, இத நான் போன்ல சொல்ல முடியாது, சொன்னா அழுதுடுவேன், நீ "சரிம்மா"ன்னு வச்சிடுவ, அன்னைக்கு வச்ச மாதிரி. நீ லீவுக்கு வந்திருந்த வருஷம் பூ பூத்தப்ப நான் கோலம் போட்டு விளக்கு ஏத்தி, விரியறப்ப வேண்டிக்கிட்டா நடக்கும்னு உன்னப் புடிச்சு உக்கார வச்சேன். ரெண்டு நாள் பிளைட்டு, தூக்கம் தாங்காம நீ பாதி விரிஞ்சப்பவே எழுந்து போய் படுத்துட்ட. அதுக்கப்புறம் அந்த மார்கழி. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து படுத்துக் கெடந்த உன்கிட்ட நான் சொன்னேன், அன்னைக்கு முழுசா விரியற வரைக்கும் உக்காந்திருந்தா இப்படி ஆயிருக்காதுன்னு. பெத்தவ வாயிலேருந்து வந்துச்சு அது. மூணு மாசக் கருவ இழந்துட்டுக் கெடந்த புள்ளகிட்ட, நீ தூங்கிட்டன்னு சொல்லி நான் குத்தம் சொன்னேன். அன்னைக்கு நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அம்மா, கொஞ்ச நேரம் பேசிட்டிரு"ன்னு, அதுக்கு நான் சொன்ன பேச்சு இது. அதுலேருந்து உன் போன் கொறஞ்சுபோச்சு, எனக்குக் காரணம் தெரியாத மாதிரியே இவ்வளவு நாள் நடந்துக்கிட்டேன்.

நேத்து எல்லாரும் போனப்புறம் தனியா உக்காந்து பாத்தேன். அத்தை குடுத்த ஒத்த இலையிலேருந்து வந்த செடி, அதுவும் இலை இல்ல தட்டையான தண்டுதான்னு அப்பா சொல்லுவார். இத்தனை வருஷமா இவ்வளவு பூ பூத்திருக்கு, ஒரு காய் வச்சு நான் பாத்ததில்ல. ஊரே வந்து கும்பிட்டுட்டுத்தான் போகுது, ஒருத்தர்கூட அதக் குறையாச் சொன்னதில்ல. எனக்கு ஏன் உன்கிட்ட மட்டும் அப்படி வாய் வந்துச்சுன்னு நெனச்சு நெனச்சு விடிஞ்சே போச்சு. விடியறப்ப ஏழும் ஈரத்துணி மாதிரி துவண்டு தொங்குச்சு.

மன்னிச்சிடும்மா.

தண்ணி நெறைய குடி. இன்னும் ரெண்டு சின்ன மொட்டு இருக்கு, போட்டோ அனுப்புறேன், பதில் போடணும்னு இல்ல. நேரத்துக்குத் தூங்கு. அடுத்த தடவ நீ வந்திருக்கறப்ப இது பூத்துச்சுன்னா நான் விளக்கும் ஏத்தமாட்டேன், எதுவும் வேண்டிக்கவும் சொல்லமாட்டேன். பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரு. தூக்கம் வந்தா போய் படுத்துக்கோ, நான் எழுப்பமாட்டேன்.

அம்மா