மெட்டின் பெயரைத் திரும்ப அச்சிடுங்கள்: பாட்டுப் புத்தகத் திருத்தக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நம் சபைப் பாட்டுப் புத்தகத்தின் புதிய பதிப்பில், ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இருந்த மெட்டின் பெயரையும் அதை அமைத்தவரின் பெயரையும் ஏன் நீக்கினீர்கள் என்று இரண்டு முறை எழுதிக் கேட்டேன். இடப்பற்றாக்குறை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த முடிவால் எங்கள் ஆலயத்தில் நேர்ந்ததைச் சொல்ல அனுமதியுங்கள்.

சென்ற மாதம், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அடக்க ஆராதனையில், அவர் கேட்டுக்கொண்டிருந்தபடி ‘உம்மண்டை கர்த்தரே’ பாடினோம். இந்தப் பாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மெட்டுகள் உண்டு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆங்கிலேயரான டைக்ஸ் அமைத்தது ‘ஹார்பரி’. அமெரிக்கரான லோவல் மேசன் 1856-இல் அமைத்தது ‘பெத்தானி’. அன்று ஆர்கனில் அமர்ந்தவன் என்னிடம் கற்கும் பதினேழு வயதுப் பையன். புதிய புத்தகத்தில் பாட்டின் எண்ணைத் தவிர வேறு குறிப்பு இல்லாததால், இசைக்குறிப்பு நூலில் முதலில் கண்ணில் பட்ட ஹார்பரியையே அவன் பழகி வந்திருந்தான். முதல் அடியை வாசித்துக் காட்டியும், பெத்தானியிலேயே பாடிப் பழகிய பெரியவர்கள் அதிலேயே எடுத்தார்கள். பெத்தானியில் ஈற்றயல் அடி இருமுறை வரும், ஹார்பரியில் வராது. ஆகவே ஆர்கன் சரணத்தை முடித்து நின்ற பிறகும் சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டியின் அருகே நின்ற ஆசிரியையின் மகள் தலை நிமிர்ந்து ஆர்கன் பக்கம் பார்த்தார். பையன் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மீதிச் சரணங்களை ஆர்கன் இல்லாமலே பாடி முடித்தோம்.

ஒரே ஒரு சொல், ‘பெத்தானி’ என்ற சொல், அச்சில் இருந்திருந்தால் போதும். அதைத் திரும்ப அச்சிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கடவுளைப் பாடும் புத்தகத்தில் மனிதர் பெயர் எதற்கு என்று தங்கள் உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். மேசன் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு சுவையான விடை உண்டு. 1792-இல் மாசசூசெட்ஸின் மெட்ஃபீல்டில் பிறந்த அவர், ஜார்ஜியாவின் சவானா நகரில் வங்கி ஊழியராக இருந்தபோது தொகுத்த சபை இசை நூலை, பாஸ்டனின் ஹாண்டல்–ஹைடன் இசைச் சங்கம் 1822-இல் வெளியிட்டது. வங்கிக்காரர் இசைக்காரராக அறியப்படுவதை விரும்பாமல் அவரே தம் பெயரை விலக்கிவைத்தார். அது அவர் தாமாக எடுத்த முடிவு. பிற்காலத்தில், ‘ஜாய் டு த வேர்ல்ட்’ பாட்டுக்கு நாம் கிறிஸ்துமஸ்தோறும் பாடும் ‘அந்தியோகியா’ மெட்டை வெளியிட்டபோது, இசையமைப்பாளர் ஹாண்டலின் இசையில் ஓரிரு துணுக்குகளை மட்டுமே அது நினைவூட்டினாலும், ஹாண்டலிலிருந்து எடுத்தது என்றே குறித்தார். தம் பெயரை முன்னிறுத்தாமல் பிறர் பெயரை எழுதிவைத்தவரின் பெயரை நாம் இடமில்லை என்று அடித்திருக்கிறோம்.

அவர் குறையற்றவர் என்று நான் வாதாடவில்லை. ஐரோப்பியச் செம்மையே உயர்ந்தது என்று நம்பி, அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் பழைய முரட்டு மெட்டுகளை ஓரங்கட்டியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் 1838-இல் பாஸ்டன் பொதுப்பள்ளிகளில் இசை ஒரு பாடமானதற்கு முதன்மைக் காரணம் அவரே. ஏழைப் பிள்ளையும் இசைக்குறிப்பு படிக்கலாம் என்று நிரூபித்தவர். ‘ஃப்ரம் கிரீன்லாண்ட்ஸ் ஐசி மவுண்டன்ஸ்’ பாட்டுக்கு அமைந்து, நற்செய்திச் சபைகளெங்கும் பரவிய ‘மிஷனெரி’ மெட்டும் அவருடையது. அந்தப் பாட்டை எழுதிய பேராயர் ஹீபர், 1826-இல் நம் திருச்சிராப்பள்ளியில்தான் இறந்து அடக்கமானார். இத்தனை ஊர்களைக் கோக்கும் ஒரு கதையைத் தலைப்பிலிருந்த இரண்டு சொற்கள் தாங்கி நின்றன.

இடம் இல்லை என்கிறீர்கள். முன்பக்கங்களில் வண்ணப் படங்களுடன் குழு உறுப்பினர், நன்கொடையாளர், வாழ்த்துரை வழங்கியோர் ஆகிய அனைவருக்கும் நான்கு பக்கம் கிடைத்திருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டு எந்த ஆர்கனிஸ்டாலும் ஒரு அடிகூட வாசிக்க முடியாது என்பதை மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இனி விசைப்பலகையில் பொத்தானை அழுத்தினால் தாளமும் தானே வரும், மெட்டும் தானே வரும் என்று எண்ணிவிட்டோமோ என்னவோ.

வார்த்தை கடுமையாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் மெட்டின் பெயரையும் அமைத்தவரின் பெயரையும் பாட்டின் தலைப்பிலேயே திரும்ப அச்சிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். விற்பனையாகாமல் இருக்கும் பிரதிகளில் வைக்க, பாட்டு எண் வாரியாக ஒரு தனித்தாள் அச்சிட்டால்கூடப் போதும். அந்தப் பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டேன். மெய்ப்பும் நானே பார்த்துத் தருகிறேன், ஊதியம் வேண்டாம். அந்தப் பையன் இன்னும் ஆர்கன் பக்கம் வரவில்லை. பட்டியலின் முதல் பிரதியை அவன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நாற்பது ஆண்டுகளாக ஆர்கன் வாசிக்கும் சபையார் ஒருவர்