மட்டி தோற்றுப்போன ரகமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த வாழைக் கட்டுரையில், மட்டி போன்ற நாட்டு ரகங்கள் இயற்கைத் தேர்வில் தோற்று ஒதுங்கிவிட்டன, வலியது நிலைத்தது என்று ஒரு வரி. எழுதியவர் ஆரல்வாய்மொழி தாண்டி எங்கள் குமரி மாவட்டத்துப் பக்கம் வந்திருக்கிறாரோ என்னவோ, கன்று பிரித்து நட்டவராகத் தெரியவில்லை.

இயற்கைத் தேர்வு நடக்க வேண்டுமென்றால் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் வேண்டும். தங்களுக்குத் தெரியாததல்ல. காட்டு வாழைப்பழத்தைக் கடித்தால் பல்லை உடைக்கிற கறுப்பு விதைகள். நம் விளையில், அதாவது தோட்டத்தில், நிற்கும் வாழையில் விதை ஏது? பக்கக் கன்று தாயின் மரபணுவை அப்படியே சுமந்து வருகிறது. எப்போதாவது திடீர் மாற்றம் தலைகாட்டும். என் விளையில் செந்துளுவன் என்கிற செவ்வாழை மூட்டில் வந்த ஒரு கன்று பச்சைக் குலை தள்ளியது. சிவப்புக்குத்தான் விலை, பச்சையை அதோடு வெட்டித் தள்ளினேன். தேர்ந்தெடுத்தது நான், இயற்கை அல்ல. இயற்கைத் தேர்வைச் சொன்ன டார்வினே 1859-ல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்தை மனிதன் வளர்க்கும் செடிகளிலும் பிராணிகளிலும்தான் தொடங்கினார். அதற்காகப் புறா வளர்ப்போர் சங்கத்தில் சேர்ந்தவர் அவர். தங்கள் கட்டுரையாளருக்கு ஒரு வாழைத் தோட்டம்கூட வேண்டியிருக்கவில்லை.

மட்டி "தோற்ற" கதையைச் சொல்கிறேன். காய் சிறிசு, சந்தையில் விலை எடைக்கு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து விளை முழுக்கச் சாய்ந்தது. மறுபடி நடக் கன்று தேடினால் கிடைத்ததெல்லாம் ஏத்தன், அதாவது நேந்திரன். இதில் எங்கே ஐயா வலியது, மெலியது?

அந்த ஒக்கி நேரத்திலும் தங்கள் இதழில் எங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்தது ஒரு மூலைதான். 2023-ல் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்திக்குப் போட்ட படமோ பச்சை நாடான் என்ற வேறு ரகம்! அதைச் சுட்டி எழுதிய கடிதம் எந்தக் கூடைக்குப் போனதோ.

போன நூற்றாண்டின் நடுவில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் ரகத்தைப் பனாமா வாடல் நோய் வாரிக்கொண்டு போனது. எல்லா மரமும் ஒரே மரபணு. ஒன்றைச் சாய்த்த பூசணம் மற்றவற்றை விடுமா? அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷையும் அதே பூசணத்தின் இன்னொரு வகை இப்போது பதம் பார்க்கிறது. எதிர்ப்புச் சக்தி தேட வேண்டிய இடம் காட்டு வாழையும் தாங்கள் தோற்றதாக அச்சிட்ட நாட்டு ரகங்களும்தான்.

அடுத்த இதழில் ஓரமாக இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். மட்டிப் படம் வேண்டுமானால் நானே அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவன்,
குலசேகரம், குமரி மாவட்டம்