காலனிப் பூங்கா இடத் தோட்டம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலை முடிந்து, நட்ட கன்றுகளும் வேர் பிடித்துவிட்டன. வரவு செலவைச் சொல்வதற்கு முன், சில மாதங்களாகத் தெருவில் ஓடிய பேச்சுக்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

"கருவேல மரத்தை விற்ற காசு எங்கே?" என்று கேட்கிறார்கள். 22 சென்ட் முழுக்க ஆள் நுழைய முடியாதபடி சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. கூலியாள் வைத்து வெட்டினால் மிச்சம் என்று பொதுக்குழுவில் யோசனை வந்தது. இந்த மரத்தைத் தரையோடு வெட்டினாலும் தூரிலிருந்து மறுபடி தழைத்துவிடும், வேரோடு பெயர்த்தால்தான் தீரும். அதனால்தான் ஜேசிபி வைத்தோம். மணிக்கு 1,300 ரூபாய், உத்தேசமாக 20 மணி நேரம். விறகையும் தூரையும் மெஷின்காரர் கரிமூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, வாடகையில் 12,000 ரூபாய் கழிக்க வேண்டும். இதை எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். மரத்தின் காசு அந்தக் கழிவில்தான் இருக்கிறது.

தகராறு வேறு இடத்தில் தொடங்கியது. மரங்கள் பாதி விழுந்ததும் மெஷின்காரர், "மேல்மண்ணையும் நானே அள்ளிக்கிறேன், கிராவல் அடிச்சு மட்டமாக்கித் தர்றேன், வாடகையே வேண்டாம்" என்றார். இலவசமாக முடிகிறதே, சம்மதித்தால் என்ன என்று உறுப்பினர்களில் சிலரும் சொன்னார்கள். குழு மறுத்துவிட்டது. பல வருடச் சருகு மக்கிக் கறுத்துக் கிடந்த மண் அது. கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும், உள்ளே மண்புழு நெளியும். அந்த ஒரு சாண் மண்ணைக் கொடுத்துவிட்டுக் கிராவலில் எதை நடுவது? பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையின் போக்கிலேயே நிலைத்து நிற்கும் விவசாய முறையில் தோட்டம் என்று தீர்மானம் போட்டதே மண்ணைக் காப்பாற்றத்தான்.

அன்றோடு அவர் முகம் மாறிவிட்டது. வண்டியை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, போனையும் எடுக்கவில்லை. அப்புறம் ஒருவழியாக வந்து முடித்தவர், 34 மணி நேரம், 44,200 ரூபாய் என்று பில் கொடுத்தார். விறகுக்காகக் கழிக்க வேண்டிய 12,000 ரூபாயைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நம்மைக் காப்பாற்றியது ஒரு நாற்பது பக்க நோட்டு. மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற நம் உறுப்பினர், வண்டியிலிருக்கும் மணி மீட்டரைக் காலையும் மாலையும் பார்த்து எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். அதன்படி ஓடியது 23 மணி. 29,900 ரூபாயில் 12,000 கழித்து 17,900 கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. கூடுதலான மூன்று மணி நேரம், வடக்கு மூலையில் யாரோ எப்போதோ கொட்டிப் புதைத்திருந்த கட்டட இடிபாட்டைத் தோண்டப் போனது. ராத்திரி டிராக்டரில் மண் போனது என்றும் பேசினார்கள்; போனது அந்த இடிபாடுதான். இந்த இடத்திலிருந்து ஒரு கூடை மண்கூட வெளியே போகவில்லை.

"வாய்க்கால் ஏன் கோணலாக இருக்கிறது?" சமமட்டக் கோட்டில், அதாவது தரை ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைத் தொட்டுப் போகும் கோட்டில், வெட்டினால் அப்படித்தான் வளைந்து போகும். மூன்று மூங்கில் குச்சியை ஆங்கில 'A' எழுத்து வடிவச் சட்டமாகக் கட்டி, நடுவில் கல் தொங்கவிட்டு, கல்கயிறு நடுக்கோட்டில் நிற்கும் இடமெல்லாம் பிள்ளைகள் முளைக்குச்சி அடித்தார்கள். அந்தக் கோட்டில் வெட்டினால் மழைத்தண்ணீர் ஓடாமல் நின்று இறங்கும். கொசு வரும் என்ற பயம் வேண்டாம். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும், நம் வாய்க்கால் இரண்டு நாளில் வற்றிவிடுகிறது.

ஆடியில் விதைத்து இடுப்புயரம் வளர்ந்த பயிரைப் பூத்ததும் மடக்கி உழுததில் பலருக்கு வருத்தம். கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, சணப்பு, தக்கைப்பூண்டு எல்லாம் கலந்த பலதானிய விதைப்பு அது. மகாராஷ்டிரத்தின் இயற்கை விவசாய முன்னோடி தபோல்கர் சொன்னதை நம்மாழ்வார் ஐயா தமிழ்நாடு முழுக்கப் பரப்பினார். காய் பிடிக்க விட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும். பூக்கும்போது மடக்கினால் மண்ணுக்கு வரும். இப்போது அந்த மண்ணில் முருங்கை, வாழை, பப்பாளி, கறிவேப்பிலை நிற்கின்றன. இருந்த வேம்பையும் புங்கையும் தொடவில்லை.

வேலி, தண்ணீர்க் குழாய், தொட்டி, மாநகராட்சி அனுமதி எல்லாம் முடிந்தன.

பணம் கொடுத்தவர்கள் பெயர் பலகையில் உள்ளது. பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்தவர்களை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்குக் கரும்புச் சக்கை தந்த சாறுக்கடைத் தம்பி, ஜீவாமிர்தம் என்ற கரைசல் உரத்துக்கு வெல்லமும் கடலைமாவும் தந்த மளிகைக்கடை அண்ணாச்சி, சாணமும் கோமியமும் தந்த பால்கார அக்கா, தென்னைமட்டை சுமந்து வந்த இரண்டாம் தெரு வாட்ச்மேன் ஐயா, கடப்பாரை மண்வெட்டி செய்து தந்த பட்டறைக்காரர், ஞாயிறுதோறும் டீ போட்டுக் கொடுத்த மூன்றாம் தெரு அம்மாக்கள், முள் குத்தி ரத்தம் வந்தும் மறுவாரம் வந்து நின்ற கல்லூரிப் பிள்ளைகள். இவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

வரவு ரூ.81,500. செலவு: ஜேசிபி 17,900, வேலி 31,200, குழாயும் தொட்டியும் 14,600, கன்றுகள் 9,300, விதையும் இடுபொருளும் 4,100. மொத்தம் ரூ.77,100. கையிருப்பு ரூ.4,400. ரசீதுகளும் மீட்டர் நோட்டும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். கருவேல விதை மண்ணுக்குள் இன்னும் வருடக்கணக்கில் கிடக்கும். மழை பெய்த மறுவாரம் விரல் நீளத்தில் முளைத்திருக்கும். தோட்டத்துக்கு வருபவர்கள் கண்ணில் பட்டதும் ஈரம் காய்வதற்குள் பிடுங்கிவிடுங்கள், காய்ந்துவிட்டால் கையோடு வராது.

செயலாளர்,
தோட்டப் பணிக்குழுவுக்காக