பதவி இல்லாதவர்களுக்கும் ஓர் அஞ்சலிக் குறிப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய நாளிதழ் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அஞ்சலிப் பக்கத்தில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அண்மையில் என் அத்தை இறந்தபோது அந்த முடிவு எங்கள் குடும்பத்துக்கும் வந்து சேர்ந்தது.

அத்தை மருத்துவமனையில் ஆயாவாக வேலை பார்த்தவர். பெரும்பாலும் இரவுப் பணி. அவரைப் பற்றி எழுதி ஒரு நாளிதழ் அலுவலகத்தில் கொடுத்தேன். "என்ன பதவியில் இருந்தார்? விருது ஏதாவது வாங்கியிருக்கிறாரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்போ செய்தியாகப் போட ஒன்றும் இல்லையே, வரி விளம்பரமாகக் கொடுங்கள்" என்றார்கள். சரி என்று கொடுத்தேன். வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால், வெட்டி வெட்டிக் கடைசியில் பெயர், வயது, இறந்த தேதி மட்டும்தான் மிஞ்சின.

வெட்டுப்பட்டது என்ன தெரியுமா? துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகள் சாகக் கிடக்கும்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் இறங்காதவர்களுக்குப் பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிடுவார். நினைவு தப்பிக் கிடப்பவரிடமும், "இப்ப உங்களப் புரட்டிப் படுக்க வைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. பார்த்துப் பாராட்டவும் அந்த நேரத்தில் யாரும் இல்லை. அப்படியும் ஒருவர் காலமெல்லாம் இதைச் செய்தார் என்றால், ஒரு வாழ்க்கைக்கு இதைவிட என்ன மதிப்பு வேண்டும்? இதைப் படித்த பிறகும் "ஒன்றும் இல்லையே" என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி, சோமாலியாவில் மருத்துவமனைச் சமையல்காரராக இருந்த அலி மாவ் மாலின். 1977-இல் நோய் வந்து பிழைத்தார். பின்னாளில் போலியோ தடுப்பு மருந்துக்காக அலைந்து, தயங்கிய பெற்றோரிடம் தன் கதையைச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். 2013-இல் அந்தப் பணியில் இருக்கும்போதே மலேரியாவில் இறந்தார். நோய் வந்தது தற்செயல். ஊழியம் அவரே தேடிக்கொண்டது. நாம் தலைப்பாக்குவது எதை?

உங்கள் தொழிலில் இது முடியாத காரியமும் இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் டைம்ஸ், இறந்தவர்களைப் பற்றிச் சின்னச் சின்னக் குறிப்புகளைத் தொடர்ந்து வெளியிட்டது. பதவி பார்க்காமல், அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதை எழுதியது. அதற்கு ஒரு பேரழிவு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர்தான் இருக்கிறது, கட்டியவர் பெயர் இல்லை. பாடப்புத்தகத்திலும் போரில் வென்றவர் இருக்கிறார், அடிபட்டு விழுந்தவர்களைத் தூக்கி வந்தவர் இல்லை. பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்வார்கள்? நினைக்க நினைக்கக் கோபம்தான் வருகிறது. சரி, அதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. உங்கள் பக்கத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஆகவே பணிவோடு கேட்கிறேன்: வாரத்துக்கு ஒரு முறையாவது, கட்டணம் வாங்காமல், பதவி இல்லாத ஒருவரைப் பற்றி ஓர் அஞ்சலிக் குறிப்பு வெளியிடுங்கள். குடும்பத்தார் சொல்வதோடு விட்டுவிடாமல், கூட வேலை பார்த்தவர்களையும் அவரால் பயனடைந்தவர்களையும் விசாரித்து எழுதுங்கள். முதல் குறிப்பே என் அத்தையைப் பற்றி வர வேண்டும் என்று கேட்கவில்லை. யாரைப் பற்றி எழுதினாலும் மகிழ்ச்சிதான். எந்தக் கிழமை தொடங்குவீர்கள் என்று மட்டும் உங்கள் இதழிலேயே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்