தங்கச்சிமடம் வீட்டுக்குக் கேமரா

மண்டபம்,
ஐப்பசி

அன்பு பாண்டி,

கடிதமும் நீ கையால் போட்ட வீட்டு வரைபடமும் கிடைத்தன. இங்கே வாடைக்காற்று கிளம்பிவிட்டது. பாக் நீரிணைப் பக்கம் அலை எகிறுகிறது, தெற்கே மன்னார் வளைகுடா குளம்போலக் கிடக்கிறது.

அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒயர்லெஸ் கேமரா மூன்று போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதும். ஆனால் ஒயர்லெஸ் என்ற பெயரை நம்பி ஏமாறாதே. படம்தான் வைஃபையில் போகும், கரண்ட் ஒயரில்தான் வந்தாக வேண்டும். நம் கடற்கரையில் கேமரா கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த ஒயரின் இணைப்பில்தான். லென்ஸும் உள்ளே இருக்கிற போர்டும் நன்றாக இருக்கும், ஒயர் நுனியில் இருக்கிற உலோகப் பின் மட்டும் பச்சை பூத்துப் போயிருக்கும். உப்புக் காற்று செம்பை அப்படித்தான் தின்னும்.

கேமரா வரும் பெட்டியில் ஐபி 66, ஐபி 67 என்று போட்டிருக்கும் தூசி, தண்ணீர்க் காப்பு அளவு கேமராவின் உடம்புக்கு மட்டும். அதிலிருந்து தொங்கும் அரை அடி ஒயரின் நுனிக்கு அந்தக் காப்பு கிடையாது. அதனால் ஒவ்வொரு கேமராவுக்கும் 4க்கு 4 அங்குல பிவிசி ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கு. இணைப்பு முழுவதும் அதற்குள் போகட்டும். பின்னைச் செருகுவதற்கு முன் துளி வாசலின் தடவு. ஒயர் பெட்டிக்குள் கீழ்ப்பக்கத் துளை வழியாகத்தான் நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. துளையை அடைக்க சிலிக்கான் வாங்கும்போது முகர்ந்து பார்: வினிகர் வாடை அடித்தால் வேண்டாம். அது காயும்போது விடும் அமிலமே செம்பை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்கு.

திருகாணி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகம் இங்கே சீக்கிரமே பழுப்புக் கறை விடும். அலுமினிய பிராக்கெட்டில் ஸ்டெயின்லெஸ் திருகாணி போட்டால் நடுவில் நைலான் வாஷர் வை. இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கேமரா உடம்பே பிளாஸ்டிக்காக இருந்தால் நமக்கு இன்னும் நல்லது. உலோகம் என்றால் உசத்தி என்று கடைக்காரர் சொல்வது மதுரைக்குச் சரி.

"பகலில் நன்றாக ஓடுகிறது, இரவில் அணைந்து அணைந்து எரிகிறது" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் கேமராவை மாற்றாதே. இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்கு எரிகிறது, கரண்ட் கூடுதலாக இழுக்கிறது. அடாப்டரை ஹாலில் செருகி, 0.5 சதுர மி.மீ. ஒயரில் 20 மீட்டர் தள்ளிக் கேமராவை வைத்தால், 1 ஆம்பியருக்கு ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் 10.6 ஆகிவிடும், கேமரா மூச்சுத் திணறும். 1.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் நிற்கும். யுஎஸ்பி ஒயரில் ஓடும் 5 வோல்ட் கேமராவை வெளியே போடவே வேண்டாம். அடாப்டர்களையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் கொடு. புயல் சின்னம் என்றாலே கரண்டை நிறுத்தும் ஊரில், அந்த நேரத்தில்தான் நீ சென்னையிலிருந்து பார்க்க நினைப்பாய்.

சோலார் தகட்டோடு வரும் பேட்டரி கேமராவுக்கு மட்டும் கரண்ட் ஒயர் வேண்டாம். ஆனால் அது கிணற்றடிக்கு ஆகும், வாசலுக்கு ஆகாது. ஆள் அசைந்த பிறகுதான் அது விழிக்கும். முதல் ஓரிரு விநாடி போய்விடும்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை மட்டும் கேமராவுக்கு வை. முதல் முறை இணைக்கும்போது உன் போனும் அதே பட்டையில் இருக்கட்டும். 'இணையவில்லை' என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். ரவுட்டரில் வைஃபை பூட்டு முறை டபிள்யூபிஏ 3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ 2 ஆக்கு. சேனல் 1, 6, 11 மூன்றில் பக்கத்து வீடுகள் குறைவாகப் பிடித்திருப்பதை எடு. ஆணி அடிக்கும் முன், கேமரா வரும் இடத்தில் போனைப் பிடித்து சிக்னல் பார்: மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நன்றாக, அதாவது பூஜ்ஜியத்துக்கு இன்னும் கிட்டே, இருக்க வேண்டும். மைனஸ் 75 என்றால் படம் உறையும். உங்கள் பழைய பின்கட்டின் கனத்த சுண்ணாம்புச் சுவரும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் சிக்னலை விழுங்கும். பின்பக்கத்துக்கு நடு அறையில் வைஃபை கொடுக்கும் இன்னொரு பெட்டி, ஆக்சஸ் பாயின்ட், போட வேண்டியிருக்கும்.

உயரம் எட்டிலிருந்து ஒன்பது அடி. இன்னும் ஏற்றினால் உச்சந்தலைதான் தெரியும். 2.8 மி.மீ. லென்ஸ், 1080பி படத்தில் முகம் தெளிவாகத் தெரிவது சுமார் 10 அடி வரை. அதற்கு அப்பால் ஆள் வந்தது தெரியும், யார் என்று தெரியாது. கேட்டுக்கு 4 மி.மீ. லென்ஸ் எடு, பார்வை குறுகும், தூரத்து முகம் பெரிதாகத் தெரியும். வாசல் கிழக்குப் பார்த்தது அல்லவா? கேமராவை நேர் கிழக்கே பார்க்க வைத்தால் காலை வெயிலில் முகமெல்லாம் கரியாகிவிடும். வடகிழக்காகச் சாய்த்து வை. தென்னை மட்டை படத்துக்குள் வந்தால் கச்சான் காற்று வீசும் மாதங்களில், அது அசையும்போதெல்லாம் போன் ஓயாமல் கத்தும். ஆள் அசைவு மட்டும் என்ற அமைப்பைப் போட்டு, நடைபாதை மட்டும் படும்படி எல்லையும் வரைந்துவிடு. அடுத்த வீட்டு முற்றம் படத்தில் விழ வேண்டாம்.

கணக்கு ஒன்று: பதிவு நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு கேமரா நாளுக்கு 21.6 ஜிபி எழுதும். கேமராவுக்குள் போடும் 128 ஜிபி மெமரி கார்டு ஏறக்குறைய ஆறு நாள் தாங்கும், படத்தை இன்னும் சுருக்கி எழுதும் எச்.265 முறையைப் போட்டால் ஏறக்குறைய இரட்டிப்பு. ஓயாத பதிவுக்கென்று வரும் ஹை என்டூரன்ஸ் கார்டு வாங்கு, போனுக்கு வாங்கும் கார்டு சில மாதத்திலேயே செத்துப்போகலாம்.

2025 ஏப்ரலில் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயமானது, பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) எண்ணைப் பார். கூடவே வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்று, இரட்டைச் சரிபார்ப்பைப் போடு. வெளியிலிருந்து நேரே கேமராவுக்குள் நுழைய ரவுட்டரில் போர்ட் (வழி) திறக்கச் சொன்னால் சம்மதிக்காதே, ஆப் வழியாகவே பார்க்கலாம்.

இரவில் படம் பனிமூட்டம் போலத் தெரிந்தால் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் தூள் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீர் தெளித்து, பிறகு மெல்லிய துணி. வாரம் ஒரு முறை போதும். சிலந்தி வலையும் அப்படியே. விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும்.

கேட்டிலிருந்து ரவுட்டர் வரை டேப் வைத்து அளந்து அனுப்பு. ஒயர் எத்தனை மீட்டர் என்று எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லாமல் வாங்காதே. வாசலில் உட்கார்ந்து பூக் கட்டுபவர், தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

உன்
கருணா