பெனலோப்பே குரூஸை ஹாலிவுட்டா கண்டெடுத்தது?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ஸ்பானிஷ் நடிகை பெனலோப்பே குரூஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பெயினில் சின்னச் சின்னப் படங்களில் நடித்துக்கொண்டிருந்த பெண்ணை ஹாலிவுட் கண்டெடுத்து உலகத்துக்குக் காட்டியது என்ற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, ஏனென்றால் நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ்.

1974இல் மாட்ரிட்டை ஒட்டிய அல்கோபெண்டாஸில் பிறந்தவர் அவர். 1992இலேயே 'ஹமோன் ஹமோன்', 'பெல் எபோக்' என்று இரண்டு படங்கள் வந்துவிட்டன. முதல் படத்தில் உடன் நடித்த ஹாவியர் பார்டெமைத்தான் 2010இல் கல்யாணம் செய்துகொண்டார், ரொம்ப நிதானம்தான்! இரண்டாவது, சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. 1997இல் ஸ்பானிஷ் இயக்குநர் பெத்ரோ அல்மோதோவாரின் படம் ஒன்றின் தொடக்கத்தில், ஓடும் பஸ்ஸில் குழந்தை பெறும் பெண்ணாக சில நிமிடங்கள் மட்டும் வந்தார். இரண்டு வருடம் கழித்து அதே இயக்குநரின் 'ஆல் அபவுட் மை மதர்', அதற்கும் அதே ஆஸ்கர். இவையெல்லாம் சின்னப் படங்களா?

சரி, அமெரிக்கா போன பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். இயக்குநர் அலெஹாண்ட்ரோ அமெனாபாரின் ஸ்பானிஷ் படம் ஒன்றில் 1997இல் சோஃபியா என்ற பாத்திரத்தைச் செய்திருந்தார். அதை 2001இல் டாம் குரூஸை வைத்து 'வனிலா ஸ்கை' என்று ஆங்கிலத்தில் எடுத்தபோது, அதே சோஃபியாவாக நடிக்க இவரையே கூப்பிட்டார்கள். அதே நடிகை, அதே பாத்திரம், ஆனால் இந்தத் தடவை கிடைத்தது 'மோசமான நடிகை' என்று, மோசமான படங்களைக் கேலி செய்து விருது கொடுக்கும் ராஸிக்காரர்கள் கொடுத்த பரிந்துரை, அதுவும் அந்த ஒரு படத்துக்கு மட்டும் இல்லை, அந்த வருடம் வந்த மூன்று ஆங்கிலப் படங்களுக்கும் சேர்த்து. அவருக்கு நடிப்பு மறந்துபோய்விட்டதா என்ன? வேற்று மொழியில் வசனம் பேச வைத்து, அழகான வெளிநாட்டுப் பெண் என்பதைத் தாண்டி பெரிதாக எதுவும் எழுதிக் கொடுக்காவிட்டால் யாராக இருந்தாலும் இப்படித்தான் ஆகும் என்பது என் அபிப்பிராயம்.

அவர் திரும்பி எழுந்தது எங்கே? 2004இல் இத்தாலிய மொழியில் நடித்து, அந்த நாட்டின் பெரிய திரைப்பட விருதான டாவிட் டி டொனாடெல்லோவை வாங்கினார். அப்புறம் 2006இல் மறுபடியும் அல்மோதோவார், 'வோல்வெர்'. கான் திரைப்படத் திருவிழாவில் சிறந்த நடிகை விருதை அதில் நடித்த ஆறு பெண்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் ஸ்பானிஷ் பெண் என்ற பெயரும் அந்தப் படத்தால்தான், அதாவது முழுக்க ஸ்பானிஷில் பேசி நடித்த படத்தால்.

'ஆஸ்கர் கிடைத்தது அமெரிக்க இயக்குநரின் படத்துக்குத்தானே' என்று கேட்பீர்கள். உண்மைதான், 2008இல் வந்த 'விக்கி கிறிஸ்டினா பார்சிலோனா', துணை நடிகை விருது. ஆனால் அதில் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கோபம் வந்தால் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளுகிறார், பார்டெம் பாவம் 'இங்கிலீஷில் பேசு, இங்கிலீஷில் பேசு' என்று கெஞ்சிக்கொண்டே இருக்கிறார். அந்தச் சண்டைகள்தான் படத்தின் உயிரே. ஆஸ்கர் மேடையிலும் அல்கோபெண்டாஸைச் சொல்லி, கடைசியில் ஸ்பானிஷில் பேசித்தான் முடித்தார்.

அவர் நடித்த 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' கடற்கொள்ளையர் படம் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, அதைப் பார்த்துத்தான் பல பேருக்கு அவர் முகம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் 2021இல் வெனிஸ் திரைப்படத் திருவிழாவில் சிறந்த நடிகையாகத் தேர்வானதும், அடுத்த வருடம் மீண்டும் ஆஸ்கர் பரிந்துரை வந்ததும் 'பேரலல் மதர்ஸ்' என்ற இன்னொரு அல்மோதோவார் படத்துக்கு. உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்