செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மறைந்த தலைவர் நினைவில்

மதிப்பிற்குரிய துணைத் தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் இச்சரிவில் வாழும் நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை இப்பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் நம் தலைவர் இறைவனடி சேர்ந்தார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி அவரைப் பற்றியதாகவே அமைகிறது. அவரை விட்டுவிட்டு இச்சங்கத்தின் பணிகளைச் சொல்ல எனக்கு வழியும் தெரியவில்லை.

தலைவர் அவர்களின் தந்தையார் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துச் சமவெளியிலிருந்து மலையேறியவர். தலைவரும் அங்கேயே பணியாற்றி, விருப்ப ஓய்வு பெற்ற பின், 1996 உள்ளாட்சித் தேர்தலில் நகர்மன்ற உறுப்பினரானார். அப்பதவியில் ஒரு முறைதான் இருந்தார் என்றாலும், ‘கவுன்சிலர் ஐயா’ என்ற பெயர் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது முதல் 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புறத் தேர்தல் நடந்தது வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, வார்டுக்கென்று உறுப்பினரே இல்லாமல் நகராட்சி தனி அலுவலரின் பொறுப்பில் இருந்தது. அந்நாட்களில் குடிநீர்க் குழாய் உடைந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் மக்கள் அவர் வீட்டுக்குத்தான் போனார்கள். மனு கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவர் எண்ணியதில்லை. ஒப்புகைச் சீட்டை நகலோடு சேர்த்துத் தைத்து, உரிய பதில் வரும் வரை அந்த அலுவலகப் படியை ஏறிக்கொண்டே இருப்பார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

தம் கத்தோலிக்க ஆலயத்தின் பங்குப் பேரவையில் அவர் பல பொறுப்புகளை வகித்தார் என்றாலும், மனத்துக்கு மிக நெருக்கமாக வைத்திருந்தது வின்சென்ட் தே பவுல் சபையின் வீடு சந்திப்புப் பணியையே என்று சொல்வேன். 1833இல் பாரிசில் தொடங்கிய அச்சபையின் அடிப்படை வழக்கம், உதவி நாடி வருவோருக்காகக் காத்திராமல் ஏழைகளின் வீட்டிற்கே இருவராகச் சென்று காண்பது. தலைவர் அதைக் கிறிஸ்தவ வீடுகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார், எந்தப் பாட்டியின் பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் வேலைக்குப் போய்விட்டார்கள், யாருக்கு இரவில் கண் தெரியாது என்பதையெல்லாம் ஒரு நீள நோட்டில் சந்து வாரியாக எழுதி வைத்திருந்தார்.

2009 நவம்பரில்தான் அந்த நோட்டின் அருமை நமக்குத் தெரிந்தது. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவாகி, மாவட்டமெங்கும் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நாட்கள் அவை. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத அந்த மாலையில், யாரை முதலில் தூக்கி வர வேண்டும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே எழவில்லை. நோட்டைப் பிரித்து அவர் பெயர் சொல்ல, இளைஞர்கள் நாற்காலியில் உட்கார வைத்தும் கம்பளியில் சுற்றியும் முதியவர்களைப் பங்கு மண்டபத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். அவருடைய துணைவியாரும் மகள்களும் அங்கே இரவெல்லாம் கஞ்சி காய்ச்சினார்கள்.

அதன் பிறகு தடுப்புச் சுவர்களிலும் வடிகால்களிலும் அவர் காட்டிய அக்கறையை உறுப்பினர்கள் அறிவீர்கள். மலை சரிவதற்கு மழையின் அளவு மட்டும் காரணமன்று. நீர் இறங்கும் ஓடையைக் குப்பையும் கட்டடமும் அடைத்துவிட்டால், அந்நீர் மண்ணுக்குள் ஊறி, எடையைக் கூட்டி, பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. ஆகவே புதிய சுவர் எழும்பும் இடமெல்லாம் சென்று, நீர் வெளியேறத் துளைகள் விடப்பட்டுள்ளனவா, சுவருக்குப் பின்னால் வெறும் மண்ணைத் தள்ளாமல் கல் நிரப்பியிருக்கிறார்களா என்று பார்த்த பின்பே நகர்வார்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டை அவர் மறந்ததில்லை. நம் செயற்குழு இன்றும் மாலை ஐந்தரை மணிக்குக் கூடுவதன் காரணம் புதியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: ஏழு மணிக் குடும்ப ஜெபமாலைக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதற்காக அவர் குறித்த நேரம் அது. துணைவியார் நோயில் கிடந்த ஆண்டுகளில் காலைக் கஞ்சியை வேறு யாரும் ஊட்ட அவர் விட்டதில்லை. அந்நாட்களில் நகராட்சிக்குப் போவதையெல்லாம் பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொண்டார். அடக்கத் திருப்பலிக்குப் பின் ஜமாத்தினரும் மாரியம்மன் கோயில் கமிட்டியினரும் முறை வைத்து அவரது பெட்டியைச் சுமந்தார்கள்.

இவ்வாண்டின் மற்றப் பணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்ததால், உறவினர்களை எதிர்பார்க்கும் குடும்பங்களுக்காக அதன் விவரங்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தோம். மழைக்கு முன் வடிகால்கள் தூர் வாரப்பட்டன. கரடியும் காட்டெருமையும் குப்பையைத் தேடித் தெருவுக்குள் வருவது குறித்து வனத்துறைக்கும் நகராட்சிக்கும் கடிதம் கொடுத்துள்ளோம்.

தலைவர் தொடங்கிய இரண்டு வேலைகள் முடியாமல் நிற்கின்றன. பள்ளிக்குப் போகும் படிக்கட்டின் மேல்புறத் தடுப்புச் சுவருக்கான மனு முதலாவது. அதன் ஒப்புகைச் சீட்டுகளைத் துணைத் தலைவரிடம் ஒப்படைத்துள்ளேன். இரண்டாவது அந்த நோட்டு. அதை அவருடைய மூத்த மகள் சங்கத்திடம் தந்துவிட்டார். அதில் உள்ள பலர் இன்று இல்லை. புதிதாகச் சேர்க்க வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். நம் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழைதான் கூடுதலாகப் பெய்வதால், அக்டோபருக்கு முன் எல்லாச் சந்துகளையும் பார்த்து முடிக்க வேண்டும். சந்துக்கு இருவர் வீதம் தேவை. முன்வருவோர் இன்று கலைவதற்கு முன் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்